கேஸ் ஷீட் கேட்டால் மறுப்பு, ஸ்கேன் செய்தி மட்டும் சித்தி வீட்டில்: நோயாளியின் பதிவேடு யாருக்கு?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்தார்கள். அடைப்பு இருக்கிறது, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். வேறொரு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று கேஸ் ஷீட் கேட்டால், "சம்மரி போதும், மற்றதெல்லாம் எங்கள் ரெக்கார்டு" என்று மறுக்கிறார்கள். அதே மாதத்தில் உங்கள் தங்கைக்கு எடுத்த ஸ்கேன் விவரம், அவர் வீடு வந்து சேர்வதற்குள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. பதிவேடு யாருக்குச் சொந்தம், யாரிடம் காட்டலாம், ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவமனை ஆவணப் பிரிவில், எல்லோரும் எம்.ஆர்.டி. என்று சொல்கிற இடத்தில், பல வருடம் வேலை பார்த்தவன் நான். உங்கள் வீட்டில் நடந்த இரண்டையும் அடிக்கடி பார்த்திருக்கிறேன். நம் ஊரில் பதிவேடு நோயாளிக்கு மூடிக் கிடக்கிறது, மற்றவர்களுக்குத் திறந்து கிடக்கிறது. சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர். அந்தச் சட்டத்தை எப்படிக் கையில் எடுப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அப்பாவின் விஷயம், அதுதான் அவசரம்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தெளிவாக இருக்கின்றன. உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். தராமல் இருப்பது ஒழுங்கீனம் என்று அதே விதிகளின் 7-ஆம் அத்தியாயம் சொல்கிறது. 2023 ஆகஸ்டில், அந்தக் கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்து அதே மாதத்தில் நிறுத்தி வைத்துவிட்டது. அதனால் 2002 விதிகள்தான் நடப்பில் இருக்கின்றன. "அதெல்லாம் பழைய ரூல் சார்" என்று கவுண்டரில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது போக, 1996-லேயே மும்பை உயர் நீதிமன்றம், பதிவேடு ரகசியமானது என்று காரணம் காட்டி நோயாளியிடமிருந்தே அதை மறைக்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ரகசியம் காப்பது நோயாளிக்காக. அவரிடமிருந்தே காப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

"எங்கள் ரெக்கார்டு" என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மூலக் காகிதம் மருத்துவமனையிடம்தான் இருக்கும், அதை வெளியே கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் மூலம்தான் சாட்சி. உங்களுக்குக் கிடைக்க வேண்டியது முழு நகல். நகல் எடுக்க நியாயமான கட்டணம் கேட்கலாம், அதைக் கொடுத்துவிடுங்கள்.

சம்மரி ஏன் போதாது? டிஸ்சார்ஜ் சம்மரி என்பது டியூட்டி டாக்டர், வெளியேறும் அவசரத்தில், பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் மாதிரியில் விவரங்களை மாற்றித் தயாரிக்கும் இரண்டு மூன்று பக்கம். கேஸ் ஷீட்டில்தான் உண்மை முழுதாக இருக்கும். சேர்க்கும்போது எழுதிய முதல் குறிப்பு, ஒவ்வொரு நாளும் மருத்துவர் எழுதிய குறிப்பு, எந்த மருந்து எத்தனை மணிக்குப் போனது என்ற மருந்துச் சார்ட், பி.பி., பல்ஸ், ஆக்சிஜன் அளவு, லேப் தாள்கள், நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்கள், நர்ஸ் குறிப்பு. இந்தக் கடைசி ஒன்றை யாரும் மதிப்பதில்லை. எனக்கு மிகவும் நம்பகமான பக்கம் அதுதான். இரவு 2 மணிக்கு நோயாளி நெஞ்சு வலி என்றார், டியூட்டி டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது, 2:40-க்கு வந்து பார்த்தார் என்று ஒரு வரி அதில் இருக்கும். சம்மரியில் அது "நிலைமை சீராக இருந்தது" என்று ஆகியிருக்கும்.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை இன்னொன்று முக்கியம். ஆஞ்சியோ ரிப்போர்ட் தாளை வைத்து எந்த இதய நிபுணரும் உறுதியாகக் கருத்துச் சொல்ல மாட்டார். ஓடும் படத்தைப் பார்க்க வேண்டும். எனவே ஆஞ்சியோ சி.டி.யைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "கேஸ் ஷீட் நகல்" என்று மட்டும் எழுதினால் சி.டி. வராது. எக்கோ, இ.சி.ஜி. தாள்கள், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

இப்போது உங்களுக்குக் கொஞ்சம் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கடிதம் உங்கள் கையெழுத்தில் போனால் மருத்துவமனை மறுக்கலாம், அந்த மறுப்பு சரியானதுதான். அப்பா சுயநினைவோடு இருக்கிறார், முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார். அப்படி இருக்கும்போது அவருடைய பதிவேட்டுக்கு நீங்களும் மூன்றாம் நபர்தான். மகள், மனைவி, மகன், பில் கட்டியவர் யாராக இருந்தாலும் அப்படித்தான். எனவே அப்பாவே கையெழுத்திடட்டும், "என் சார்பில் இவரிடம் கொடுக்கவும்" என்று உங்கள் பெயரை அதிலேயே எழுதட்டும். அவருடைய அடையாள அட்டை நகல், உங்கள் அடையாள அட்டை நகல் இரண்டையும் இணையுங்கள். ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் சீல், தேதி, நேரம் போட்டு வாங்குங்கள். சீல் போட மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள், மருத்துவமனை மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்கு 72 மணி நேரக் கணக்கைக் காட்ட முடியாது. எழுத்தில் கேட்டால் பாதிப் பேருக்கு மேல் அடுத்த நாளே கிடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மறுப்பு பெரும்பாலும் கவுண்டரில் இருப்பவரின் பயம். எழுத்து மேலே போனதும், சட்டம் தெரிந்த ஒருவர் கண்ணில் பட்டுவிடும்.

அரசு மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அல்லது கண்காணிப்பாளருக்கு இதே கடிதம். அங்கே கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். சொந்தப் பதிவேட்டைத்தான் அப்படிக் கேட்க முடியும். பக்கத்து வீட்டுக்காரரின் பதிவேட்டைக் கேட்டால் தனிநபர் தகவலைக் காக்கும் பிரிவு 8(1)(ஜே) தடுத்துவிடும்.

நகல் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். அங்கே பழைய நோய் வரலாறு இருக்கும். சர்க்கரை எத்தனை வருடமாக, பி.பி. எத்தனை வருடமாக, குடி, புகை என்று. இந்த ஒரு பத்தி எத்தனை குடும்பங்களை அலைக்கழித்திருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நெஞ்சு வலியோடு வந்தவரைக் கூட்டிவந்த மச்சினன், "ரொம்ப நாளா சுகர் இருக்குங்க" என்பார். டியூட்டி டாக்டர் "10 வருடம்" என்று எழுதிவிடுவார். பாலிசி எடுத்து 3 வருடம்தான் ஆகியிருக்கும். க்ளெய்ம் போனதும் காப்பீட்டு நிறுவனமோ, அதன் சார்பில் க்ளெய்மைப் பார்க்கும் டி.பி.ஏ.வோ அந்த வரியைத் தேடிப் பிடித்து, முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள் என்று நிராகரிக்கும். (தொடர்ந்து 60 மாதம் பாலிசி இருந்தால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, இந்தக் காரணம் சொல்லி மறுக்க முடியாது. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இந்தக் காலத்தை 8 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் குறைத்தது.) தவறு இருந்தால் ஆதாரத்தோடு எழுத்தில் திருத்தம் கேளுங்கள். மருத்துவர் பழைய வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். வெள்ளை மை பூசித் திருத்தினால் அந்தப் பக்கத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

காப்பீட்டுக்குப் பதிவேடு போவது உங்கள் சம்மதத்தோடுதான். கேஷ்லெஸ் படிவத்தில் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அறிவிப்பில் அந்தச் சம்மதம் இருக்கிறது. அட்மிஷன் பதற்றத்தில் யாரும் படிப்பதில்லை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் க்ளெய்முக்கு என்று கொடுத்த சம்மதம் மற்ற எல்லாவற்றுக்கும் ஆகாது. அதே போல் வேலை பார்க்கும் இடத்தில் மருத்துவச் சான்று கேட்டால் "பணிக்குத் தகுதியானவர்" என்ற சான்று போதும். என்ன நோய் என்று எழுத வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்கலாம், பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

சரி, தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மனது வலித்தது இதில்தான்.

மருத்துவத் தகவல் கசிவது என்றால் எல்லோரும் ஹேக்கர்களை நினைக்கிறார்கள். அதுவும் நடக்கிறது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை முடக்கிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குக் கிட்ட ஓ.பி. சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை கையால் எழுதினார்கள். 2023 ஜூனில், கோவின் தளத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் விவரங்கள் டெலிகிராம் செயலியில் தானாகப் பதில் தரும் ஒரு கணக்கில் (பாட்), தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் வருகிற மாதிரி கிடைத்தன. ஆனால் ஒரு குடும்பத்தை உடைக்கிற கசிவு இப்படி வருவதில்லை. தெரிந்த முகத்தின் வழியாக வருகிறது. லேபில் வேலை பார்க்கும் தூரத்துச் சொந்தம், "நம்ம பொண்ணுதானே" என்ற அக்கறையோடு போன் போட்டுவிடுகிறது. மருத்துவர் அறையிலேயே அடுத்த நோயாளியை ஸ்டூலில் உட்கார வைத்துவிடுகிறார்கள், இவர் சொல்வதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்கேன் சென்டர் வாசலில் பெயரோடு சேர்த்து என்ன ஸ்கேன் என்பதையும் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் விட அதிகம் கசியும் ஒரு இடம் இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை: பதிவு செய்யும்போது கொடுக்கும் மொபைல் எண். பெண்கள் தனியாக வந்தாலும் கணவர் எண்ணையோ, மாமனார் எண்ணையோ கொடுக்கிறார்கள். முன்பு ஒருமுறை சித்தப்பா கூட்டி வந்தபோது அவர் எண் பதிவாகியிருக்கும், அது அப்படியே இருந்துவிடும். ரிப்போர்ட் தயாரானதும் எஸ்.எம்.எஸ். லிங்க்காகவோ, வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப்.ஆகவோ அந்த எண்ணுக்குப் போகும். கர்ப்பப் பரிசோதனை, ஹார்மோன் பரிசோதனை, எச்.ஐ.வி. பரிசோதனை எல்லாம் அப்படித்தான். பலருக்கும் அந்த லிங்க்கைத் திறக்கக் கடவுச்சொல்கூட வேண்டியதில்லை. உங்கள் தங்கையின் ரிப்போர்ட் எந்த எண்ணுக்குப் போனது என்று ஸ்கேன் சென்டரில் முதலில் கேளுங்கள். விடை அங்கேயே இருக்கலாம். எந்த எண் பதிவாகியிருக்கிறதோ அதை அவருடைய சொந்த எண்ணாக மாற்றச் சொல்லுங்கள், "தாளாக மட்டும் நேரில் தரவும்" என்றும் எழுதிக் கேட்கலாம்.

எண் சரியாகத்தான் இருக்கிறது, ஊழியர் ஒருவர் வழியாகத்தான் போனது என்று தெரிந்தால் விஷயம் வேறு. ஓரளவு பெரிய மையங்களில் இருக்கும் மென்பொருள், யாருடைய லாகினில் எந்த ரிப்போர்ட் எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது என்று பதிவு செய்து வைத்திருக்கும். அதைப் பார்த்துச் சொல்லும்படி எழுத்தில் கேளுங்கள்.

மருத்துவர் நோயாளியின் ரகசியத்தை மூன்று சூழலில் மட்டும்தான் வெளியிடலாம் என்று 2002 விதிகளின் 7.14 சொல்கிறது: நீதிபதி உத்தரவிட்டால் நீதிமன்றத்தில், ஒரு குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ அடையாளம் காணப்பட்ட கடுமையான ஆபத்து இருந்தால், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்றால். சித்திக்கு இந்த மூன்றிலும் இடமில்லை. ஆனால் இந்த விதி மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும், லேப் டெக்னீஷியனையும் ரிசப்ஷனில் இருப்பவரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அங்கேதான் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கை கொடுக்கிறது. நுகர்வோர் நம்பிக்கையில் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்ட அனுமதி இல்லாமல் வேறொருவருக்கு வெளியிடுவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதன் பிரிவு 2(47) சொல்கிறது. பணம் கட்டி ஸ்கேன் எடுத்தவர் நுகர்வோர்தான். ஊழியர் செய்ததற்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவு பல வக்கீல்களுக்கே நினைவில் இருப்பதில்லை.

உங்கள் தங்கைக்கு எடுத்த ஸ்கேன் எதற்கு என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கருக்கலைப்போடு தொடர்புடையது என்றால் சட்டம் இன்னும் இறுக்கமானது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தம் சேர்த்த பிரிவு 5ஏ-யின்படி, கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரங்களையும், சட்டம் அனுமதித்த நபரைத் தவிர யாரிடமும் மருத்துவர் வெளியிடக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை. வயது வந்த பெண்ணுக்கு அவர் சம்மதம் ஒன்றே போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. பல இடங்களில் இன்றும் கேட்கிறார்கள், அது அவர்களுடைய பழக்கம். 18 வயதுக்குக் கீழே என்றால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பதால் பெண்களும் பெற்றோரும் பயந்து கண்ட இடத்துக்குப் போனார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சம்மதத்தோடு நடந்த உறவால் கருவுற்று வரும் சிறுமியும் அவர் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்காகக் கொடுக்கும் அந்தத் தகவலில் அவளுடைய அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்றது. ரகசியம் என்பது சில நேரம் உயிர் காக்கும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

இதை நம் சென்னை முன்பே பார்த்திருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் வெளிப்பட்டது 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளில்தான். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதனை நடந்தது. அடுத்த பத்து ஆண்டில் ஒரு வழக்கு வந்தது. நாகாலாந்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர், அறுவை சிகிச்சைக்குச் சென்னைக்கு வந்த ஒரு நோயாளியோடு துணைக்கு வந்தவர், அவருக்காக இரத்தம் கொடுக்க முன்வந்தார். பரிசோதித்ததில் அவருக்கே எச்.ஐ.வி. இருந்தது. அந்தத் தகவல் வெளியே போய், 1995 டிசம்பரில் நடக்க இருந்த திருமணம் நின்றது. ஊரில் முகம் காட்ட முடியாமல் அவர் கோஹிமாவை விட்டே வெளியேற வேண்டி வந்தது. மருத்துவமனை ரகசியத்தை மீறியது என்று இழப்பீடு கேட்டார். தீர்ப்பில் மருத்துவமனைக்கு 'இசட்' என்றுதான் பெயர்.

1998-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ரகசியம் உண்டு, ஆனால் அது முழுமையானது அல்ல, மணக்கப் போகும் பெண்ணின் உயிரும் உரிமையும் அதைவிடப் பெரிது என்றது. இதோடு நின்றிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். ஒருபடி மேலே போய், எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது என்கிற அளவுக்குப் பேசியது. 2002-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, திருமணம் பற்றிச் சொன்ன அந்தப் பகுதி தேவையற்றது என்று விலக்கியது. ஆனால் இடையிலிருந்த நான்கு ஆண்டில் எத்தனை பேர் பரிசோதனைக்கே வராமல் ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் கலக்கமாக இருக்கிறது.

அந்த வழக்கு எழுப்பிய கேள்விக்குச் சரியான விடை 2017 எச்.ஐ.வி. சட்டத்தில் இருக்கிறது. அது 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கூடாது. சிகிச்சையில் நேரடியாக ஈடுபட்டிருக்கும் இன்னொரு மருத்துவருக்கு, சிகிச்சைக்குத் தேவை என்றால் சொல்லலாம். துணைவருக்கு ஆபத்து என்று மருத்துவரோ ஆலோசகரோ நினைத்தால், முதலில் நோயாளியிடமே பேசி அவரே சொல்லும்படி ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்று உறுதியானால், "நான் சொல்லப் போகிறேன்" என்று அவருக்கு அறிவித்துவிட்டு, துணைவருக்கு நேரில், ஆலோசனையோடு சொல்ல வேண்டும். கட்டில் தலைமாட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கும், ஃபைல் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதுவதற்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. பகிர்வதற்கு ஒரு நல்ல வழிமுறை எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பிரிவைத்தான் காட்டுவேன். யாருக்கு, எதற்காக, எவ்வளவு, நோயாளிக்குத் தெரிவித்துவிட்டா என்ற நான்கும் அதில் இருக்கின்றன.

பகிர்ந்தே ஆக வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரகசியம் என்ற பெயரில் அதைத் தடுக்க முடியாது. காசநோய் 2012 முதல் அறிவிக்க வேண்டிய நோய். தனியார் மருத்துவரும் அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவு செய்தாக வேண்டும். விபத்து, தாக்குதல், விஷம் என்றால் ஏ.ஆர். எண்ட்ரி (விபத்துப் பதிவேட்டில் குறிப்பு) போட்டுப் போலீசுக்குத் தகவல் போகும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குப் பிக்மி என்ற அரசுத் தளத்தில் பதிவு உண்டு, அதில் கிடைக்கும் ஆர்.சி.எச். எண்ணைப் பிரசவத்தின்போதும் பிறப்புப் பதிவின்போதும் கேட்பார்கள். இவையெல்லாம் அரசின் பொதுச் சுகாதாரத் துறைக்குப் போகிற தகவல், தெருவுக்குப் போகிறது அல்ல. இந்த வேறுபாட்டைக் கொரோனா காலத்தில் மறந்தோம். வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினோம், தகரம் அடித்தோம், தனிமைப்படுத்தப்பட்டவர்களின் முகவரிப் பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றியது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவு போட்டால் தவிர, நோயாளியின் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்றது. அதற்குள் பல குடும்பங்கள் அக்கம்பக்கத்தை இழந்திருந்தன.

மனநலச் சிகிச்சைக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 23 ரகசியத்தையும், பிரிவு 25 தன் பதிவேட்டைத் தானே பார்க்கும் உரிமையையும் தருகிறது.

அடுத்தது ஆபா எண். 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் கொடுக்கும் 14 இலக்க எண் அது. பலரும் நினைப்பது போல உங்கள் ரிப்போர்ட்டெல்லாம் டெல்லியில் ஒரே கம்ப்யூட்டரில் போய்ச் சேர்வதில்லை. எந்த மருத்துவமனையில் உருவானதோ அங்கேயே இருக்கும். ஆபா அவற்றை இணைக்கும் முகவரி. புதிய மருத்துவர் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் மொபைலுக்குச் சம்மதக் கோரிக்கை வரும். எந்த வகை ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாளுக்கு என்று அதில் இருக்கும். ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஓ.பி. வரிசையில் கியூ.ஆர். ஸ்கேன் செய்யச் சொல்வது பெயர், வயது, முகவரி போன்ற பதிவு விவரங்களுக்காக மட்டும். எண் எடுப்பது கட்டாயம் இல்லை. இல்லையென்று சிகிச்சையை மறுக்க முடியாது. தடுப்பூசி போட்டபோது ஆதாரைக் கொடுத்த பலருக்குக் கேட்காமலே இந்த எண் உருவாகிவிட்டது. அது தவறான தொடக்கம் என்பதே என் கருத்து. வேண்டாம் என்றால் ஆபா தளத்தில் நீக்கிவிடலாம்.

அப்பாவைப் போல நாலு இடத்தில் பார்க்கும் இதய நோயாளிக்கு ஆபா உதவும் என்றே சொல்வேன். ஒரு நிபந்தனை: மொபைலும் ஓ.டி.பி.யும் அவர் கையில் இருக்க வேண்டும். கவுண்டரில் "ஓ.டி.பி. சொல்லுங்க" என்றதும் சொல்லிவிடுவதுதான் நம் பழக்கம். அந்த ஓ.டி.பி.தான் சம்மதக் கையெழுத்து. திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொல்லாதீர்கள். தங்கைக்கு, இப்போதைக்கு அவசரம் இல்லை என்பேன். அவருடைய மொபைல் எண் அவருடைய பெயரில், அவர் கையில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில். மருத்துவமனைகளின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர விதிகளில் 18 மாத அவகாசம் இருக்கிறது. வந்த பிறகு, தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. 2011-ஆம் ஆண்டு ஐ.டி. விதிகள் மருத்துவப் பதிவுகளைத் தனியாக, கூடுதல் கவனம் வேண்டிய தகவல் என்று வகைப்படுத்தின. புதிய சட்டத்தில் அந்தத் தனி வகை இல்லை. பீட்சா ஆர்டரும் புற்றுநோய் ரிப்போர்ட்டும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. இது திருத்தப்பட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அப்பாவின் கடிதம் நாளைக்கே போகட்டும். 72 மணி நேரம் தாண்டினால் மருத்துவமனை நிர்வாகத்துக்கு இன்னொரு கடிதம், அதில் 2002 விதிகள் 1.3.2, 7.2 இரண்டையும் குறிப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சிகிச்சை அளித்த மருத்துவர் மீது புகார் கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. இரண்டாவது கருத்துக்கு இதையெல்லாம் காத்திருக்காதீர்கள். ஆஞ்சியோ சி.டி. மட்டும் கிடைத்தால்கூடப் போதும், மற்றது பின்னால் வரட்டும்.

தங்கையின் விஷயத்தில் கடிதம் எழுதுவதா, புகார் வரை போவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். புகார் என்றால் அந்த ஸ்கேன் மறுபடியும் சிலர் கண்ணில் படும். அது அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் வேண்டாம் என்றால் சித்தியிடம் பேசப் போவதும் வேண்டாம். மொபைல் எண்ணை மாற்றுவதை மட்டும் இந்த வாரமே அவரைக் கூட்டிப்போய் முடித்துவிடுங்கள்.